கைமாறிய பீங்கான், ஈஸ்டர் மேசை
கொல்கத்தாவின் ஏலக்கடை முதல் கோவாவின் பழைய மாளிகை வரை, கலைந்துபோன வீடுகளின் சாமான்கள் புதிய வீடுகளின் பண்டிகை அலங்காரமாகின்றன. எது அழகு என்பதோடு எதை வாங்கலாம் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

கொல்கத்தாவின் ரஸ்ஸல் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏல நாள். 1940ல் தொடங்கப்பட்ட தி ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்சின் கூடத்தில் நாற்காலிமேல் நாற்காலி, மேசைமேல் கடிகாரம், கடிகாரத்துக்குப் பக்கத்தில் மூடி இல்லாத தேநீர்க் கெண்டி என்று கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது. சுருதி போன பியானோவும் ஏலத்துக்கு வரும், ஒரு கட்டு மேசைக் கரண்டிகளும் வரும். ஒரு தரம், இரண்டு தரம் என்று எண்ணி முடிப்பதற்குள் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசை இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடுகிறது. வாங்க வருபவர்களில் பாதிப்பேர் வியாபாரிகள். மீதிப்பேரில் வேடிக்கை பார்க்க வந்து வெறுங்கையோடு திரும்ப முடியாமல் போனவர்கள்தான் அதிகம்.

ஈஸ்டர் மேசைக்கு வேண்டியதெல்லாம் இந்தக் குவியலில் இருக்கிறது. முட்டை வைக்கும் பீங்கான் கிண்ணங்கள், வெட்டுக் கண்ணாடி ஜாடிகள், வெள்ளி முலாம் பூசிய மெழுகுவர்த்தி ஸ்டாண்டுகள், ஓரத்தில் லேஸ் தைத்த மேசை விரிப்புகள், ரொட்டித் துண்டுகளை நிறுத்தி வைக்கும் கம்பித் தாங்கிகள். ஆறு பேருக்கான முழு ஸெட் என்றால் விலை எகிறும். ஒற்றையாக மிஞ்சிய தட்டையும் கோப்பையையும் சீண்டுவாரில்லை. புத்திசாலிகள் அந்த ஒற்றைகளைத்தான் பொறுக்குகிறார்கள். நீலப் பூப்போட்ட தட்டுகளையே நாலு வருடம் சேர்த்தால், ஒன்றுக்கொன்று பொருந்தாமலே ஒரு மேசை பொருந்திவிடும்.

கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு டிசம்பர் முழுவதும் நேரமிருக்கிறது. ஈஸ்டருக்கு அப்படியில்லை. முன்னால் நாற்பது நாள் தவக்காலம். வீடு வெறுமையாக இருக்க வேண்டிய காலம். கத்தோலிக்க ஆலயங்கள் பலவற்றில் சுரூபங்களையே ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். புனித வெள்ளியன்று பூகூட வைப்பதில்லை. சனி இரவு வழிபாடு முடிந்து வந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஆக, ஒரே இரவில் முடிக்கிற வேலை. தோரணம் கட்ட, மின்விளக்கு மாட்ட நேரம் கிடையாது. வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, ஒரு பாத்திரம் நிறைய நிறமேற்றிய முட்டை, கொஞ்சம் பூ. இவ்வளவுதான். இவ்வளவே என்பதால் ஒவ்வொரு சாமானும் கண்ணில் படும். புதுக் கடைச் சாமானைவிடப் பழசு எடுபடுவதன் ரகசியமும் இதுதான்.

முட்டைக்கும் தவக்காலத்துக்கும் பழைய உறவு. ஐரோப்பாவில் முற்காலத்தில் தவக்காலத்தின்போது இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிகள் அதை அறியுமா? நாற்பது நாளில் குவிந்துபோன முட்டைகளை ஈஸ்டரன்று வேகவைத்துச் சாயமேற்றித் தின்றார்கள், பங்கிட்டார்கள். அது இந்தியாவுக்கு வந்தபோது சர்க்கரை முட்டையாகவும் மார்ஸிபான் முட்டையாகவும் உருமாறியது. ஏப்ரல் வெயிலில் சாக்லெட் நிற்காது என்பது ஒரு நடைமுறைக் காரணம். மும்பையின் பாந்த்ராவிலும் கோவாவிலும் பாதாமுக்குப் பதிலாக முந்திரியை அரைத்து மார்ஸிபான் கிளறுவது வழக்கம். கொல்கத்தாவில் ஈஸ்டர் முட்டைக்குப் பெயர்போன கடைகள் இரண்டு. ஒன்று, 1927ல் தொடங்கிய பார்க் தெருவின் ஃப்ளூரிஸ். இன்னொன்று, நியூ மார்க்கெட்டுக்குள் இருக்கும் நாஹூம்ஸ். 1902ல் பாக்தாதி யூதர் ஒருவர் தொடங்கிய இந்தக் கடையில் வேலை செய்பவர்களில் பலர் முஸ்லிம்கள். புனித வெள்ளிக்குச் சிலுவை போட்ட பன் வாங்க வரிசையில் நிற்பவர்களில் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உண்டு. கொல்கத்தாவில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை.

ஆனால் ஏலக்கடைக்கு இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன? ரஸ்ஸல் தெருவின் ஏலங்கள் ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்களின் வசதிக்காக இருந்தன. மாற்றல் வந்தாலோ சீமைக்குத் திரும்பினாலோ, குடித்தனத்தை அப்படியே ஏலத்துக்கு விட்டுவிட்டுக் கப்பலேறுவார்கள். 1947க்குப் பிறகு அந்த ஓட்டம் பெருகியது. அடுத்துப் புறப்பட்டவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள். அவர்களுடைய பிழைப்பு ரயில்வே, சுங்கம், தபால் தந்தி இலாகாக்களில் இருந்தது. அரசியல் சட்டத்தின் 336வது பிரிவு அந்த இட ஒதுக்கீட்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்துப் பத்து சதவீதமாகக் குறைத்து, பத்தாவது ஆண்டில் நிறுத்தியது. அதாவது 1960ல். அந்தப் பத்தாண்டுகளிலும் அதற்குப் பிறகும் இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் கையில் சில பவுண்டுகளுக்கு மேல் கொண்டுபோக முடியாது. பெட்டிக்குள் சைடுபோர்டு நுழையாது. மிஞ்சியதெல்லாம் ஏலத்துக்கும் பழைய சாமான் கடைக்கும் போயின. மக்களவையில் இந்தச் சமூகத்துக்கு இருந்த இரண்டு நியமன இடங்களும் 104வது திருத்தத்தின்படி 2020 ஜனவரியோடு முடிந்தன.

போகாமல் நின்றுவிட்டவர்களின் அடையாளம் போ பராக்ஸ். முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டு, பிறகு கொல்கத்தா மேம்பாட்டு டிரஸ்டின் கைக்கு வந்த குடியிருப்பு. சிவப்புச் செங்கல், பச்சை ஜன்னல். ஆங்கிலோ இந்தியர்களோடு சீனர்களும் கோவாக்காரர்களும் கலந்து வாழும் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். கட்டடம் குடியிருக்க லாயக்கற்றது, இடித்துவிடலாம் என்று டிரஸ்ட் சொன்னபோது குடியிருப்போர் அசையவில்லை. அஞ்சன் தத்தின் 2004ஆம் ஆண்டுப் படம் இந்த இடத்தின் பெயரையே தாங்கியது. 2017ல் டிரஸ்ட் வேறொரு அமைப்போடு இணைந்து காணாமலே போய்விட்டது; போ பராக்ஸ் இன்னும் நிற்கிறது. இது போன்ற வீடுகளில் பழைய பீங்கானுக்கு யாரும் 'விண்டேஜ்' என்று பெயர் வைப்பதில்லை. அது பாட்டியின் தட்டு. ஓரம் உடைந்திருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை இறங்கும், கழுவித் துடைத்து மறுபடி அலமாரிக்குப் போகும்.

விந்தை என்னவென்றால், இதே தட்டுகளை இப்போது தேடுவது தெற்கு தில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் இருக்கும் அலங்கார நிபுணர்கள். கம்பி வலை அடித்த பழைய மீட் சேஃப் அலமாரியை உதாரணம் சொல்லலாம். எறும்பு ஏறாமலிருக்க நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, சமையலறையின் இருட்டு மூலையில் வைத்த சாமான் அது. இன்று பளபளப்பு ஏற்றி வரவேற்பறையில் நிற்கிறது, உள்ளே வைக்கோல் பரப்பி ஈஸ்டர் முட்டைகளோடு. அழகாகத்தான் இருக்கிறது. விலையும் ஏறிவிட்டது, அந்த அலமாரியோடு வளர்ந்தவர்கள் அதைத் திரும்ப வாங்க நினைத்தால் யோசிக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் பழைய புத்தகத்துக்கும் பழைய சாமானுக்கும் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட் 1985ல் தீக்கிரையானது. அங்கே கிடைத்ததில் பாதி பெரம்பூர் ரயில்வே வீடுகளிலிருந்து வந்தது என்று சொன்னால் பழைய வாசகர்கள் மறுக்கமாட்டார்கள். இன்னொன்று லேஸ். மேசை விரிப்பின் ஓரத்தில் பின்னலைப் பார்த்ததும் இங்கிலாந்துச் சரக்கு என்று முடிவு கட்டுவது தவறு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் லேஸ் பின்னலைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தத் தொழிலும் கூடப் போனது. தென் திருவிதாங்கூர், திருநெல்வேலிப் பெண்களின் விரலில் பிறந்த லேஸ் கடல் கடந்தும் விற்றது. சீமை லேஸ் என்று விலை சொல்லப்படும் ஒரு துண்டு நம் ஊர்ப் பெண் பின்னியதாகவே இருக்கலாம்.

வயதைக் கண்டுபிடிக்கச் சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்தால் போதும். தட்டின் அடியில் 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கா அந்த ஆண்டு முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதன் விளைவு. 'மேட் இன் இங்கிலாந்து' என்றால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. ஜப்பான் பீங்கானில் 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது' என்ற முத்திரை, போருக்குப் பிறகு 1952 வரையிலான சில ஆண்டுகளுக்கே உரியது. கரண்டியில் ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி அல்ல, முலாம். வெள்ளி என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ஆங்கிலேய வெள்ளிக்கு நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருக்கும்.

நம்மூருக்கே உரிய முத்திரைகள் இன்னும் சுவையானவை. ரயில்வே உணவு விடுதிகளின் தட்டுகளிலும் கைவிளக்குகளிலும் ஈ.ஐ.ஆர்., பி.என்.ஆர். என்று பொறித்திருக்கும். ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயும் பெங்கால் நாக்பூர் ரயில்வேயும் 1952ல் புதிய மண்டலத்துக்குள் கரைந்தன. எம்.எஸ்.எம்., எஸ்.ஐ.ஆர். என்றிருந்தால் 1951க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் அவை சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின. ரயில்வே கைவிளக்கில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து வாசலில் மாட்டுவது, ரயில்வே குடும்பங்களுக்கு மிகப் பொருத்தமான ஈஸ்டர் விளக்கு.

மும்பையின் சோர் பஜாரில் நிலைமை வேறு. மட்டன் தெருவில் அசலும் போலியும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பித்தளைக் குழல் மின்ன, நாய்ப்படம் ஒட்டிய கிராமபோன்களில் பல, உதிரிப் பாகங்களைக் கோத்துப் புதிதாகச் செய்தவை. புது மரத்துக்குத் தேயிலைச் சாயமும் பெர்மாங்கனேட்டும் பூசி நூறு வயது ஏற்றும் வித்தையும் தெரிந்ததே. அதைப் பிடிக்க ஒரு வழி: இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பது. முகப்பில் காட்டும் அக்கறையைப் பின்பக்கத்தில் யாரும் காட்டுவதில்லை. பழைய மரத்தில் கை படும் இடம் தேய்ந்திருக்கும், படாத இடம் கரடுமுரடாக இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பெண்டி பஜார் பகுதியில் பல ஏக்கர் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாக மாறிவரும் நிலையில், இந்தச் சந்துக் கடைகள் எத்தனை காலம் இதே உருவில் இருக்கும் என்ற கவலை வியாபாரிகளுக்கு இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவும் பெயர்பெற்ற இடம்தான்; ஆனால் சுற்றுலாப் பயணிகளின் விலை. உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட ஆசைப்படுபவர்கள் உள்ளூர்ப் பாத்திரக் கடையிலேயே எடைக்கு வாங்கிவிடலாம்.

விவகாரம் சிக்கலாவது கோவாவில். அங்கே பழைய கத்தோலிக்க வீடுகள் காலியாவதற்குச் சட்டமே ஒரு காரணம். 1867ஆம் ஆண்டுப் போர்த்துக்கீசிய சிவில் சட்டத்தின் வழிவந்த முறைப்படி, மகன் மகள் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சம பங்கு. நியாயமான சட்டம், நாட்டின் மற்றப் பகுதிகள் பொறாமைப்பட வேண்டிய சட்டம். ஆனால் மூன்று தலைமுறை கடந்தால் ஒரு வீட்டுக்கு முப்பது உரிமையாளர்கள். ஒருவர் லிஸ்பனில், ஒருவர் டொரான்டோவில், ஒருவர் துபாயில். ஓடு மாற்ற யாரும் காசு தருவதில்லை. கடைசியில் கருங்காலி நாற்காலிகள் பங்கு பிரிகின்றன, அல்லது மொத்தமாக வியாபாரியின் லாரியில் ஏறுகின்றன. சிப்பி பதித்த ஜன்னல்களுக்கு ஏக கிராக்கி. கண்ணாடிக்குப் பதிலாகத் தட்டையான சிப்பி ஓடுகளைச் சட்டத்தில் செருகிய ஜன்னல்கள் அவை. அந்தச் சிப்பி இனம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டதால், இடித்த வீட்டிலிருந்து எடுத்ததைத்தான் நம்ப வேண்டும்.

ஜன்னலும் நாற்காலியும் போகட்டும். ஒராட்டோரியோ என்ற வீட்டுப் பீடத்தை என்ன செய்வது? இரட்டைக் கதவு போட்ட மர அலமாரி போல இருக்கும். திறந்தால் உள்ளே தங்க வண்ணம் தீட்டிய மாடங்கள், சுரூபங்கள். குடும்பம் முழுவதும் மாலையில் கூடி ஜெபமாலை சொன்ன இடம். சுரூபங்கள் ஒரு பக்கம், கூடு ஒரு பக்கம் என்று பிரித்து விற்கப்படுவதுண்டு. கூடு யாரோ ஒருவர் வீட்டில் மது பாட்டில்கள் அடுக்கும் அலமாரியாகிவிட்டால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அதை ஈஸ்டர் அலங்காரம் என்று ஒரு கிறிஸ்தவ விருந்தாளிக்குக் காட்டும்போது அவர் முகம் என்னவாகும் என்பதை வாங்குபவர் யோசிப்பது நல்லது.

சட்டப்படி குற்றமாகும் விஷயங்களும் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், கலைவேலைப்பாடு தொல்பொருளாகும். மரச் சிற்பம், உலோகச் சிலை, தந்தச் சிலை போன்றவை தொல்பொருள் என்றால் பதிவு செய்ய வேண்டும். விற்பவருக்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தந்தம் இன்னும் ஆபத்து. கோவாவில் செதுக்கப்பட்ட தந்த நல்ல மேய்ப்பன் உருவங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், இறக்குமதித் தந்த வியாபாரம் 1991லும் தடை செய்யப்பட்டுவிட்டன. பாட்டி காலத்துச் சிலுவையானாலும் விற்கக்கூடாது, வாங்கக்கூடாது.

இத்தகைய பொருள்களுக்காக 1994ல் ராஷோல் குருமடத்தில் தொடங்கி, 2002ல் பழைய கோவாவின் சாந்தா மோனிகா கன்னிமடத்துக்கு மாறியது கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம். 2012ல் அங்கேயே கொள்ளையர் புகுந்து காவலாளியைக் கொன்றுவிட்டுப் பொருள்களோடு போனார்கள். ரசீதில்லாத பழைய சுரூபம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது எந்தச் சிற்றாலயத்தின் மாடத்தைக் காலியாக்கி வந்தது என்ற சந்தேகம் வருவது இயல்பு. வேறு வழியும் இருக்கிறது என்று காட்டியவர் பெனோலிமைச் சேர்ந்த விக்டர் ஹ்யூகோ கோம்ஸ். தூக்கி எறியப்பட்ட கலப்பை, செக்கு, ஜாடி, மரச்சாமான் என்று ஆயிரக்கணக்கில் சேகரித்து, இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைக் கொண்டே கட்டடம் எழுப்பி, கோவா சித்ரா என்ற அருங்காட்சியகத்தை உருவாக்கினார்.

அப்படியானால் வீட்டு மேசைக்கு எதை வாங்கலாம்? புழங்கிய சாமானை. பூசை செய்யப்படாததை. கோலி சோடா பாட்டில். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பவர் 1872ல் காப்புரிமை பெற்ற அந்தக் குண்டுப் பாட்டிலில் இரண்டு தண்டு சம்பங்கி வைத்தால் வாசனைக்கு வாசனை, அழகுக்கு அழகு. ஈஸ்டர் லில்லி என்று வெளிநாட்டுப் படங்களில் வரும் பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடியில் வேப்பங்கொத்தோ குருத்தோலையோ. தையல் மெஷினின் இரும்புக் காலின்மேல் ஒரு பலகை போட்டால் பலகார மேசை. கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டைகள்: வெங்காயத் தோலைப் போட்டு வேகவைத்தால் செம்பழுப்பு, மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பு. ஒரு கரண்டி வினிகர் விட்டால் நிறம் பிடிக்கும்.

சில எச்சரிக்கைகள். வெடித்த பழைய பீங்கானிலும் உதிரும் எனாமல் பாத்திரத்திலும் உணவு பரிமாறக் கூடாது; பழைய வண்ணங்களில் காரீயம் இருக்கலாம். முட்டையையே வைப்பதானால் ஓட்டோடு, அலங்காரத்துக்கு மட்டும். பழைய மேசை விளக்கின் ஒயரை மாற்றாமல் பிளக்கில் செருகக் கூடாது. மரச்சாமானின் காலடியில் மாவு போல் புதுத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்தடிக்காமல் வீட்டுக்குள் விட்டால் மற்றச் சாமானும் உளுத்துப்போகும். பித்தளைக்குப் புளி போதும். வெள்ளி முலாமைச் சாம்பலோ தூளோ போட்டுத் தேய்த்தால் அடியிலுள்ள உலோகம் பல்லிளிக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குறுகிய வாய் ஜாடிக்குள் கறை இருந்தால் ஒரு பிடி அரிசியும் வினிகரும் போட்டுக் குலுக்கினால் போய்விடும்.

பண்டிகை முடிந்து திங்கட்கிழமை லேஸ் விரிப்பைப் பார்த்தால் மெழுகு சொட்டியிருக்கும். வெந்நீரில் நனைத்தால் மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும். ஐஸ் கட்டியை ஒற்றி இறுகவிட்டு, மொண்ணைக் கத்தியால் மெல்லச் சுரண்டி எடுத்த பிறகு, மேலும் கீழும் அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தை வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மிச்ச மெழுகைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். அதற்குப் பிறகே சோப்பு. காய்ந்ததும் பழைய மடிப்பிலேயே மடிக்காமல் சுருட்டி வைப்பது உத்தமம். மடிப்பு விழுந்த இடத்தில்தான் பழைய லேஸ் முதலில் கிழிகிறது.